சிடி சுத்துது, ஸ்கிரீன் பேசுது!

போன இதழில் ஒருவர் ‘பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டரில் பாட்டு சிடி ரைட் பண்ண முடியுமா?’ என்று கேட்டார். ‘முடியும், நான் பண்ணுகிறேனே!’ என்று எழுதினேன். அதோடு விட்டார்களா? தென்னேரிக்குத் தபால் கொண்டுவருகிறவர் இப்போது என் வீட்டு வாசலில் பெருமூச்சோடுதான் சைக்கிளை நிறுத்துகிறார். ஆகவே இந்த இதழ் முழுக்க சிடிதான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும். அதற்குள் அந்தக் கேள்விகள் பழசாகிவிடாது, பதில்களும்தான்.

கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்: யூடியூபும் பென்டிரைவும் இருக்கிற காலத்தில் சிடியா சார்?

எங்கள் தெருவில் இருக்கிற சிடிகளில் பாதி யூடியூபில் கிடைக்காது தம்பி. கும்பாபிஷேகத்தன்று ஓதுவார் பாடிய தேவாரம், அத்தை கல்யாணத்து நாதஸ்வரம், மாமா ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்துப் பிறகு கடையில் கொடுத்து சிடியாக மாற்றிய நாடகம். எல்லாம் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. தட்டு உரிந்தால் பாட்டும் போச்சு. முதலில் அதைக் காப்பி எடுத்துக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்த வேண்டும். அப்புறம், சிடி பிளேயர் மட்டுமே பழகிய பெரியவர்களுக்குத் திரும்ப ஒரு சிடி போட்டுக் கொடுக்க வேண்டும். பென்டிரைவை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகுவது என்று பாட்டிக்குத் தெரியாது. முதல் தடவையில் உங்களுக்கும் தெரியாது.

வாசகி, உத்திரமேரூர்: என் தம்பிக்குப் பார்வை இல்லை. அப்பா சேர்த்துவைத்த சிடிகளை அவனே காப்பி எடுக்கவேண்டும் என்கிறான். ஸ்கிரீன் ரீடர் வாங்க எவ்வளவு ஆகும்?

ஒரு ரூபாய்கூட ஆகாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்று ஒன்று இருக்கிறது, இலவசம். நெட்டில் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் எழுத ஆரம்பித்தது. அவரோடு சேர்ந்துகொண்டவர் ஜேம்ஸ் டே. இரண்டு பேருக்கும் பார்வை கிடையாது. அவர்கள் சிறுவயதில் முதன்முதலாகச் சந்தித்த இடம் எது தெரியுமா? பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாம். அந்த மென்பொருளை வைத்து உங்கள் தம்பி பாட்டு சிடி காப்பி எடுக்காமல் வேறு என்ன செய்வார்?

அதற்கு முன்பே வந்த ஸ்கிரீன் ரீடர் ஜாஸ். அமெரிக்காவின் டெட் ஹென்டர் உருவாக்கியது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். ஜாஸ் நல்ல மென்பொருள். விலையைக் கேட்டால் நமக்கும் கொஞ்ச நேரம் கண் இருட்டும்.

அதே வாசகி: நான் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாமா?

தாராளமாக. சிடி அட்டையில் அப்பா பேனாவால் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லுங்கள். அச்செழுத்து என்றால் போனே படித்துவிடும், அப்பாக்களின் கையெழுத்துக்கு மட்டும் இன்னும் வீட்டு ஆள்தான் வேண்டும். மவுஸைத் தொடாதீர்கள். ‘நகரு, நான் பண்றேன்’ என்ற மூன்று வார்த்தையால் கம்ப்யூட்டரையே விட்டுவிட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

பேக்கரிக்காரர், வாலாஜாபாத்: சிடியில் இருந்த பாட்டையெல்லாம் பென்டிரைவுக்கு காப்பி-பேஸ்ட் செய்தேன். ஒரே நொடியில் முடிந்தது. கடையில் போட்டால் ஒன்றும் பாடவில்லையே?

ஒரே நொடியில் முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது ‘டிராக் 01 டாட் சிடிஏ’ என்ற பைல்கள்தானே? ஒவ்வொன்றும் 44 பைட். அதில் பாட்டே கிடையாது, ‘இந்தப் பாட்டு தட்டில் இன்ன இடத்தில் ஆரம்பிக்கிறது’ என்று விண்டோஸ் நமக்காகக் காட்டும் விலாசம் மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையை ஜெராக்ஸ் எடுத்துவந்துவிட்டு இலை எங்கே என்று கேட்கிறீர்கள்.

ஆடியோ சிடியில் பாட்டு பைலாகவே இருக்காது. 1982இல் பிலிப்சும் சோனியும் சிடியைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அது கம்ப்யூட்டருக்கான தட்டே அல்ல. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதிய எண்கள், நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருளாக ஓடும் ஒரே பாதையில் கிடக்கின்றன. அதைப் படித்து பைலாக மாற்றித் தர ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குத்தான் ‘ரிப்’ பண்ணுவது என்று பெயர்.

வாசகர், ஒரகடம்: சரி, எந்த மென்பொருள்? கண் தெரியாதவர்களுக்கென்று தனியாக உண்டா?

தனியாக வேண்டாம். நேர்மையாக எழுதிய மென்பொருளாக இருந்தால் போதும்.

அது என்ன நேர்மை என்றால்: ஸ்கிரீன் ரீடர் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. விண்டோஸிடம் போய் ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறது. மென்பொருளை எழுதியவர் பட்டனுக்குப் பெயர் கொடுத்திருந்தால் ‘ஸ்டார்ட் பர்ன், பட்டன்’ என்று வாசிக்கும். பளபளவென்று ஒரு படத்தை ஒட்டிவிட்டுப் பெயர் கொடுக்காமல் போயிருந்தால், டாப் கீயை அழுத்த அழுத்த ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று சட்டைக்கடையில் நிற்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகும். அதில் எது சிடியை எழுதும், எது அழிக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பார்வை இல்லாதவருக்கு இந்த வேலை வராது என்று ஊரில் சொல்வதில் முக்கால்வாசி இந்தப் பெயரில்லாத பட்டனால் வந்த பேச்சு. பாட்டு காதுக்கு, கீபோர்டு விரலுக்கு. இந்த வேலைக்குக் கண்ணைக் கூப்பிட்டதே அந்தப் படம் வரைந்தவர்தான்.

எனவே அழகைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெனு இருக்கிறதா, ஆல்ட் கீ அழுத்தினால் திறக்கிறதா, பாட்டுகள் ஒரு பட்டியலாக வந்து கீழ்அம்புக்குறிக்கு ஒவ்வொன்றாக வாசிக்கிறதா என்று பாருங்கள். ரிப் பண்ணுவதற்கு ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ இலவசம். பார்க்க ஆபீஸ் பேரேடு மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு துணுக்கையும் இரண்டு முறையாவது படித்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதும். கீறல் விழுந்த தட்டுக்கு அதுதான் வைத்தியர்.

திரும்ப சிடியாக எழுதுவதற்கு விண்டோஸோடு வரும் பழைய மீடியா பிளேயரே போதும். பாட்டின் மேல் நின்று ஷிப்ட்-எப்10 அழுத்தினால் ரைட் கிளிக் மெனு வரும். அதில் ‘ஆட் டு’, அதற்குள் ‘பர்ன் லிஸ்ட்’. மவுஸ்காரர்கள் பிடித்து இழுத்துப் போடுவதை நாம் இரண்டு கீயில் முடித்துவிடுகிறோம். எழுதும் முன் ‘ஆடியோ சிடி’ என்று தேர்வாகியிருக்கிறதா, ‘டேட்டா சிடி’ என்றிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டா சிடியாகப் போனால் பாட்டியின் பழைய பிளேயர் அதை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருக்கும்.

நாதஸ்வரக் கலைஞர், வாலாஜாபாத்: பையன் சிடி ரைட் பண்ணும்போது கம்ப்யூட்டர் ‘பீப், பீப்’ என்று கத்துகிறது. சுருதி வேறு ஏறிக்கொண்டே போகிறது. மிஷின் கெட்டுவிட்டதா?

கெடவில்லை ஐயா, பாடுகிறது. இந்த மாதத்தின் அருமையான கேள்வி உங்களுடையது. திரையில் ஒரு பட்டை மெல்ல நிரம்பும் அல்லவா, பார்வை உள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார்கள். என்விடிஏ அந்தப் பட்டையை ஓசையாக மாற்றித் தருகிறது. தொடக்கத்தில் 110 ஹெர்ட்ஸ், நூறு சதவீதத்தில் 1760 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக நான்கு ஸ்தாயி. ஒவ்வொரு 25 சதவீதத்துக்கும் ஒரு ஸ்தாயி ஏறும். உங்கள் நாதஸ்வரத்துக்கே இரண்டரை ஸ்தாயிதான்.

இதில் ஒரு சௌகரியம். காது பழகினால் அடுப்படியிலிருந்தே ‘பாதி ஆயிடுச்சு’ என்று சொல்லலாம். சுருதி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் டிரைவ் எங்கேயோ திணறுகிறது என்று அர்த்தம். கடைசியில் பீப் அடங்கிய பிறகும் உள்ளே ‘விர்’ சத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். தட்டை முடித்து மூடுகிற வேலை அது. அப்போது போய் டிரேயைத் திறக்கச் சொல்லாதீர்கள், மங்களம் பாடும்போது மைக்கைப் பிடுங்கினால் நீங்கள் விடுவீர்களா? பீப் பிடிக்காதவர்கள் இன்செர்ட் கீயோடு ‘யு’வை அடுத்தடுத்து அழுத்தி மாற்றினால் சதவீதத்தை வாயால் சொல்லும். எனக்கு சுருதிதான் பிடிக்கும்.

பெயர் வேண்டாம், காஞ்சிபுரம்: ஸ்கிரீன் ரீடர் ஓயாமல் பேசுகிறது. நிறுத்த என்ன வழி?

கண்ட்ரோல் கீ. வீட்டில் வேறு யாரிடமும் இது வேலை செய்யாது.

பள்ளி ஆசிரியை, படப்பை: சிடியின் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று பார்க்காமல் எப்படித் தெரியும்?

நடு ஓட்டையைச் சுற்றி விரல்நுனியை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கத்தில் நூலிழை அளவுக்கு எழும்பிய வட்டம் ஒன்று தட்டுப்படும். தட்டுகளை அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வைத்தது. அந்த வட்டம் உள்ள பக்கம் கீழே போகவேண்டும். விரலை ஓட்டைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பிசுக்கு பட்டால் போவது கடைசிப் பாட்டு, ஏனென்றால் சுருள் அங்கேதான் முடிகிறது. எழுதி முடித்த சிடியைச் சோதிக்கவும் இதே கணக்கு. முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள், கடைசிப் பாட்டின் கடைசி நிமிடத்தைக் கேளுங்கள்.

பிரெயில் பட்டையை சிடி மேலேயே ஒட்டலாமா என்று மூன்றாவது வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் டீச்சர். வேகமான டிரைவில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு அருகில் சுழலும். ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினால் ஆட்டம் போடும். உறையில் ஒட்டுங்கள். உறை மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாத காரியம்.

கச்சேரி ரசிகர், சின்ன காஞ்சிபுரம்: தனி ஆவர்த்தனத்தை இரண்டு டிராக்காகப் பிரித்து ரைட் பண்ணினேன். நடுவில் இரண்டு விநாடி மௌனம். மிருதங்க வித்வான் மூச்சு வாங்குகிறாரா?

அவர் வாங்கவில்லை, டிரைவ் வாங்குகிறது. ஒவ்வொரு டிராக்காக எழுதினால் லேசரை அணைத்து மறுபடி ஏற்றும், நடுவில் இரண்டு விநாடி விழும். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்று ஒரு வழி உண்டு, முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும். மீடியா பிளேயரின் பர்ன் அமைப்பில் ‘இடைவெளி இல்லாமல்’ என்கிற பெட்டியை டிக் செய்யுங்கள். ஸ்கிரீன் ரீடர் ‘செக்ட்’ என்று சொல்லும். சினிமாப் பாட்டுக்கு இரண்டு விநாடி நல்லது, அடுத்த பாட்டுக்குத் தயாராகலாம். மோராவுக்கும் கோர்வைக்கும் நடுவில் அது கொலை.

மைக்செட் கடைக்காரர், தென்னேரி: அண்ணே, 700 எம்பி சிடியில் 80 நிமிடப் பாட்டு ஏறுது. அதையே வேவ் பைலா பார்த்தா 800 எம்பிக்கு மேல காட்டுது. எப்படிண்ணே?

உள்ளூர்க்காரர் என்று நிரூபித்துவிட்டீர்கள், குறுக்குக் கேள்வி. தட்டின் ஒரு துண்டில் பாட்டு என்றால் 2352 பைட் முழுக்கப் பாட்டுதான். பைல் என்றால் 2048 பைட்தான் சரக்கு, மீதி பிழை திருத்துவதற்கான காவல். பாட்டில் ஒரு துளி தப்பினால் பிளேயர் அக்கம்பக்கத்தை வைத்துச் சமாளித்துவிடும், காது கண்டுபிடிக்காது. சம்பளப் பட்டியலில் ஒரு சைபர் தப்பினால் யார் சமாளிப்பது?

இதனால்தான் ஆடியோ சிடியை ஐஎஸ்ஓ பைலாக எடுக்க முடியாது. அது டேட்டா தட்டுக்கு மட்டும். பாட்டுத் தட்டை அச்சு அசலாக எடுக்க பின்-க்யூ என்ற ஜோடி வேண்டும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் செய்யும், அதற்கும் ஒழுங்கான மெனு உண்டு.

கூத்து வாத்தியார், உத்திரமேரூர் பக்கம்: ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடியற்காலை ஆறுக்கு முடிகிற கூத்து. ஒரே சிடியில் அடங்குமா?

ஆடியோ சிடி என்றால் ஆறு தட்டு வேண்டும். திரௌபதி சபைக்கு வருவதற்குள் இரண்டு முறை தட்டு மாற்ற வேண்டியிருக்கும். எம்பி3 ஆக்கி 128 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் ஒரு தட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் போகும். எட்டு மணி நேரக் கூத்தும் அடங்கி, அடுத்த நாள் படுகளத்துக்கும் இடம் மிச்சம். முகவீணையும் தாளமும் அந்த அளவில் கொஞ்சம் கூசும், இடம் இருக்கிறதே, 160க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். எம்பி3 படிக்கிற பிளேயராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பைல்களுக்கு 01, 02 என்று சைபர் போட்டு எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பல பிளேயர்கள் 1 முடிந்ததும் 10க்குத் தாவும். கட்டியங்காரன் வருவதற்குள் துரியோதனன் செத்திருப்பான். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதும் நல்லது. கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயர் அருமையாகப் பேசும், கார் பிளேயருக்குப் போனால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

கட்டைக்கூத்துச் சங்கம் உங்கள் காஞ்சிபுரம் பக்கமே புஞ்சரசந்தாங்கலில் இருக்கிறது. எப்படிப் பதிவு செய்கிறார்கள், எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இளைஞர், ஸ்ரீபெரும்புதூர்: பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆலாபனை நடுவில் ‘பேட்டரி 10 சதவீதம்’ என்று ஒரு குரல். அழிக்க முடியுமா?

முடியாது. பாகவதரோடு சேர்ந்து அவரும் அமரராகிவிட்டார். சிடியை ரிப் பண்ணும்போது இந்த வம்பு வராது, எண்களை நேராகப் படித்து எழுதுவதால் அங்கே ஒலிக்கே வேலையில்லை. கேசட் அப்படியல்ல, ஒயர் போட்டு ஓட்டிப் பதிவு செய்கிறீர்கள். பதிவு மென்பொருளில் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால் கம்ப்யூட்டர் பேசுவதும் பாடுவதும் எல்லாமே சேர்ந்து விழும். ‘லைன் இன்’ என்று மாற்றுங்கள். இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கி, ஸ்கிரீன் ரீடரின் குரலை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆரம்பிப்பதும் ஒரு வழி.

தமிழாசிரியர், செங்கல்பட்டு: ஸ்கிரீன் ரீடர் தமிழ் பேசுமா?

பேசும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு, உச்சரிப்பில் எந்திர வாடை அடிக்கும். விண்டோஸில் இறக்கிக்கொள்ள ஓர் ஆண் குரல் இருக்கிறது, மைக்ரோசாப்ட் அதற்கு வைத்த பெயர் வள்ளுவர். ஆகவே எங்கள் வீட்டில் ‘டிரைவில் தட்டு இல்லை’ என்று வள்ளுவரே சொல்கிறார். ஒன்றே முக்கால் அடிக்கும் குறைவாக.

வியாபாரி, பெயர் குறிப்பிடவில்லை: நல்ல பாட்டாகப் பொறுக்கி சிடி போட்டு, தலா 30 ரூபாய்க்கு விற்கலாமா?

பெயர் குறிப்பிடாததிலேயே பதில் இருக்கிறது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்வதை விட்டுவைக்கிறது. விற்பனைக்கு அதில் இடமில்லை. திருட்டு விசிடி காலத்தில், 2004இல், தமிழ்நாட்டு குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

‘பார்வையற்றவருக்கு எல்லாவற்றையும் காப்பி எடுக்க உரிமை உண்டாமே’ என்று பின்குறிப்பு வேறு. மராக்கேஷ் உடன்படிக்கையைச் சொல்கிறீர்கள். 2013இல் வந்தது, 2014இல் உலகத்திலேயே முதல் நாடாக ஏற்று உறுதி செய்தது இந்தியா. பெருமைதான். ஆனால் அது புத்தகம் படிக்க முடியாதவர்களுக்குப் புத்தகத்தைக் கொண்டுசேர்க்க வந்த உடன்படிக்கை. பாட்டு ஏற்கெனவே காதுக்குத்தானே இருக்கிறது? எங்களைக் காட்டி நீங்கள் கடை போட முடியாது.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், உத்திரமேரூர்: ரைட் பண்ணிய சிடி எத்தனை வருடம் தாங்கும்?

உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு ஆயிரத்து நூறு வருடம் தாண்டியும் படிக்கக் கிடைக்கிறது. அந்த நினைப்பில் கேட்கிறீர்கள். சிடி-ஆரில் லேசர் எழுதுவது கல்லில் அல்ல, ஒரு சாயப் பூச்சில். வெயிலும் புழுக்கமும் சாயத்துக்கு ஆகாது. மலிவான தட்டு சில வருடத்திலேயே பல்லைக் காட்டும், நல்லதைப் பெட்டிக்குள் வைத்தால் நெடுநாள் வரும். இன்னொன்று: எல்லோரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். நிஜத்தில் எழுத்து இருப்பது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய ஒரு பூச்சுக்கு அடியில். கீழே கீறல் விழுந்தால் தேய்த்துப் பார்க்கலாம். மேலே உரிந்தால் பாட்டே உரிந்தது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள்.

பிளஸ் டூ மாணவி, தென்னேரி: புது லேப்டாப்பில் சிடி போடும் ஓட்டையே இல்லையே அங்கிள்?

இல்லை. யுஎஸ்பியில் சொருகும் தனி டிரைவ் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசினால் சொச்சம் குறையும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி தாங்கும் என்பதால் நம் ஊருக்கு இது தேவலை. வேகத்தை உச்சத்தில் வைக்காமல் 16க்குக் குறைத்து எழுது. இந்தப் பழக்கமெல்லாம் முறையாக வேண்டுமென்றால் பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, சென்னையில் கர்ண வித்யா இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் சாயந்திரம் என்றால் ஏரிக்கரைத் தெருவில் நானும் இருக்கிறேன்.

அதே மாணவி: உங்களிடம் கொடுத்தால் எங்கள் தாத்தா பாடிய பஜனை சிடியைக் காப்பி போட்டுத் தருவீர்களா?

தருவேன். காலி சிடி இரண்டாகக் கொண்டு வா, ஒன்று எனக்கு. உன் தாத்தா ஆறாவது பாட்டில் தாளத்தை விட்டுவிட்டு ஆர்மோனியக்காரரை அதட்டியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அது அதில் விழுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.